மூட்டை பிரிக்காத குத்தூசி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல் மாணவன் எழுதுவது)

நெல் மண்டிக்குப் போனவர்கள் குத்தூசியைப் பார்த்திருப்பார்கள். நுனி கூர்மையாகவும், உடல் வாய்க்கால் போலக் குழிந்தும் இருக்கும் ஓர் இரும்புக் கருவி. கட்டிய மூட்டையின் வயிற்றில் அதைச் செருகினால் ஒரு பிடிக்கும் குறைவான நெல் அக்குழிவின் வழியே உள்ளங்கைக்கு வந்துவிடும். வியாபாரி அதைத் தேய்த்து, ஊதி, கடித்துப் பார்த்து, ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். மூட்டையின் தையல் பிரிவதில்லை. நெல் தரையில் கொட்டுவதும் இல்லை. என் தந்தையார் அந்த மூட்டைகளைச் சுமப்பவர். சிறு வயதில் அவருக்குச் சோறு கொண்டு போகும்போதெல்லாம் நான் நெல்லைப் பார்த்ததைவிடக் குத்தூசியைப் பார்த்ததே அதிகம்.

கணினி வட்டுகளுக்கும் இப்படி ஒரு குத்தூசி உண்டு என்பதை இந்த ஆண்டுதான் அறிந்தேன். ஒரு வட்டைக் கணினியோடு முறைப்படி இணைக்காமலே, அதாவது 'மவுண்ட்' செய்யாமலே, அதனுள் உள்ள கோப்புகளைப் பட்டியலிடவும், படிக்கவும், வெளியே எடுக்கவும் உதவும் கட்டளைக் கருவிகள் அவை. இவற்றை நம் கல்லூரியில் கணினி தொடும் ஒவ்வொரு மாணவரும் கற்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதை, என் வீட்டில் நடந்த ஒன்றைக் கொண்டே சொல்ல விரும்புகிறேன்.

மவுண்ட் என்பது யாது?

பென் டிரைவைச் செருகியவுடன் திரையில் ஒரு படம் தோன்றுகிறது. அதைத் தட்டினால் கோப்புகள் தெரிகின்றன. இடையில் நடப்பது என்ன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

வட்டு என்பது அடிப்படையில் எண்களின் நீண்ட வரிசையே அன்றி வேறில்லை. அந்த வரிசையின் எப்பகுதி கோப்பின் பெயர், எப்பகுதி அதன் அளவு, எப்பகுதி அதன் உள்ளடக்கம் என்று வகுக்கும் ஒழுங்கிற்கே கோப்பு முறைமை என்று பெயர். இயக்கமுறைமையின் கருவானது அந்த ஒழுங்கைப் படித்துப் புரிந்துகொண்டு, தன் கோப்பு மரத்தில் ஒரு கிளையாக அவ்வட்டை ஒட்டிக்கொள்வதுதான் மவுண்ட். இது இன்று நேற்றுத் தோன்றிய கருத்தன்று. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் முறைமையைத் தொடங்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1974-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலேயே, கழற்றி மாட்டக்கூடிய வட்டுகளை மரத்தில் ஒட்டும் இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது.

மவுண்ட் மிக வசதியானது, மறுப்பதற்கில்லை. ஆயினும் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, அதற்கு அதிகாரம் வேண்டும். லினக்ஸில் பொதுவாக 'ரூட்' எனப்படும் நிர்வாகிக்கோ, அவர் முன்கூட்டி இசைவளித்த வழிக்கோதான் அது கட்டுப்படும். இரண்டாவது, வட்டின் ஒழுங்கு நலமாக இருக்க வேண்டும். ஒரு முக்கியமான இடம் பழுதானாலும் கரு கையை விரித்துவிடும். மூன்றாவதைத்தான் பலர் அறிவதில்லை: மவுண்ட் செய்வதே வட்டை மாற்றிவிடலாம். விண்டோஸ் கணினியில் பென் டிரைவைச் செருகியபின், நாம் உருவாக்காத 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற அடைவு அதில் முளைத்திருப்பதை லினக்ஸில் திறக்கும்போது கண்டிருப்பீர்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 வட்டு முறையாக மூடப்படாமல் கழற்றப்பட்டிருந்தால், 'படிக்க மட்டும்' என்று சொல்லி மவுண்ட் செய்தாலும் நிலுவையில் உள்ள குறிப்பேட்டு வேலைகளைக் கரு முதலில் எழுதி முடித்துவிடும். வேண்டாம் என்றால் அதற்கெனத் தனியே சொல்ல வேண்டும். பார்க்க வந்தவர் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போவது போன்ற செயல் இது. நல்ல எண்ணந்தான், ஆனால் பாத்திரத்தில் என்ன ஒட்டியிருந்தது என்பதே நமக்கு வேண்டியதாக இருந்தால்?

அப்பாயியின் குரல்

என் அப்பாயி நடவுப் பாட்டுப் பாடுவதில் எங்கள் ஊரில் பெயர் பெற்றவர். பள்ளிக்கூடம் போகாதவர். நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, விளையாட்டாக, அம்மாவின் பட்டன் போனில் அவர் பாட்டுகளைப் பதிவு செய்தேன். மொத்தம் பதினொன்று. போனில் இருந்தது 4 ஜிபி நினைவு அட்டை. பிறகு அப்பாயி இறந்துவிட்டார். அவர் நினைவாக எங்கள் வீட்டில் ஒரு நிழற்படம் கூட ஒழுங்காக இல்லை. ரேஷன் அட்டையில் இருந்ததுதான் படம். ஆனால் குரல் இருந்தது. அமாவாசையன்று விளக்கேற்றிவிட்டு அப்பா அதைக் கேட்பார்.

சென்ற ஆண்டு ஒருநாள் அந்த அட்டை பேச மறுத்துவிட்டது. அம்மா அதைக் கடைத்தெருவில் ஒரு கைபேசிக் கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். கடைக்காரர் கணினியில் செருகியவுடன், இந்த வட்டைப் பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று திரை கேட்டிருக்கிறது. "ஃபார்மேட் பண்ணா சரியாயிடும்மா, பண்ணிடவா?" என்று அவர் விசைமேல் விரலை வைத்துக்கொண்டு கேட்க, அம்மா, "இருங்க தம்பி, எம் பையன் காலேசுலேருந்து வரட்டும்" என்று அட்டையைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டார்.

நண்பர்களே, எழுதப் படிக்கத் தெரியாத என் தாய் சொன்ன அந்த 'இருங்க' என்ற சொல்தான் அன்று அந்தக் கடையில் இருந்த ஒரே சரியான கணினி அறிவு. படித்தவர்கள் எழுதிய திரை 'அழிக்கலாமா?' என்று கேட்டது. படிக்காதவர் 'பொறு' என்றார்.

பையன் வந்தான். ஆனால் பையனுக்கும் ஒன்றும் தெரியாது. என் அக்காளுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசின் மடிக்கணினி வீட்டில் இருந்தது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் மடிக்கணினியில் இருந்ததை, "இது எதுக்கு? படத்துக்கு இடமாகும்" என்று ஒரு கடையில் என்றோ அழித்துக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நானே. அப்போது அது எனக்குப் பெரிய உதவியாகத்தான் பட்டது. அட்டையை அந்த மடிக்கணினியில் செருகினேன். அதே கேள்விதான் வந்தது.

கல்லூரி ஆய்வகத்தில் லினக்ஸ் கணினிகள் உண்டு. அங்கே செருகினேன். அட்டையில் பகுதி எதுவும் இல்லை என்றது. நேரடியாகப் படிக்க முயன்றேன். அனுமதி இல்லை என்றது. மாணவர் கணக்குக்கு அந்த அதிகாரம் கிடையாது. எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் போய் நின்றேன். அட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், தம் கணக்கில் நுழைந்து 'டிடி' என்ற கட்டளையால் அட்டையை முதல் பைட்டிலிருந்து கடைசிப் பைட்டு வரை அப்படியே நகலெடுத்து ஒரே கோப்பாக என் அடைவில் போட்டார். அட்டையைக் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்து, "இதை அம்மாகிட்ட குடுத்துடு, தொடாதே. இனி உனக்கு ரூட்டும் வேண்டாம், நானும் வேண்டாம். உன் நகலை என்ன செஞ்சாலும் அட்டைக்கு ஒண்ணும் ஆகாது. எம்டூல்ஸ்னு ஒண்ணு இருக்கு, படி" என்றார்.

நடந்த கணக்கு

எம்டூல்ஸ் என்பது, எம்எஸ்-டாஸ் வகை வட்டுகளை யூனிக்ஸ் கணினிகளில் மவுண்ட் செய்யாமலே கையாள எம்மெட் கிரே என்பவர் எழுதத் தொடங்கிய கட்டளைத் தொகுப்பு. பின்னர் அலைன் நாஃப் அதைப் பேணி வளர்த்தார். இலவச மென்பொருள், எவரும் மூலநிரலைப் படிக்கலாம். டாஸில் 'டிர்' என்றால் பட்டியல், இதில் 'எம்டிர்'. அதில் 'காப்பி'; இதில் 'எம்காப்பி'. அவ்வாறே 'எம்டைப்' கோப்பைத் திரையில் காட்டும், 'எம்டெல்' அழிக்கும், 'எம்ஃபார்மேட்' புதிய வட்டை அமைக்கும். பிளாப்பி வட்டுகளின் காலத்துக் கருவிதான். ஆனால் பிளாப்பியில் இருந்த ஃபேட் என்னும் கோப்பு முறைமை 1977-இல் தோன்றி, இன்றும் நம் நினைவு அட்டைகளில் ஃபேட்32 என்ற வடிவில் வாழ்கிறது. ஆகவே கருவியும் வாழ்கிறது.

நகலின் முதல் 512 பைட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் சுழியம். பகுதிகள் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் அட்டவணை அங்குதான் இருக்க வேண்டும். வீட்டின் வாசலில் இருக்கும் முகவரிப் பலகை அழிந்துவிட்டது, ஆனால் வீடு? ஃபேட்32 வட்டின் தொடக்கப் பகுதியில் 82-ஆவது பைட்டில் அதன் பெயரே எழுத்தில் எழுதப்பட்டிருக்கும் என்று படித்திருந்தேன். எனவே 'கிரெப்' கட்டளையால் அந்தப் பெயர் நகலில் எங்கெங்கே வருகிறது என்று தேடினேன். முதல் இரண்டு விடைகள்: 4194386, 4197458.

முதல் எண்ணிலிருந்து 82-ஐக் கழித்தேன். 4194304. அதை 512-ஆல் வகுத்தேன். மீதியின்றி 8192. இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 3072. அதாவது 6 முறை 512. ஃபேட்32 தன் தொடக்கப் பகுதியின் மாற்றுப் படி ஒன்றை ஆறு பிரிவுகள் தள்ளி வைத்துக்கொள்ளும் என்பது பாடம். பாடமும் கணக்கும் ஒன்றையொன்று சந்தித்தன. வீடு 8192-ஆவது பிரிவில் தொடங்குகிறது என்பதில் எனக்கு ஐயம் இல்லாமல் போயிற்று. பள்ளியில் கழித்தலும் வகுத்தலும் எதற்குப் படித்தேன் என்று எனக்கு விடை கிடைத்த நாள் அது எனலாம்.

எம்டிர் கட்டளைக்கு நகலின் பெயரைக் கொடுத்து, அதன்பின் @@ என்ற குறியிட்டு 4194304 என்று தட்டினேன். அத்தனை பைட்டு தள்ளிப் படி என்பது அதன் பொருள். திரையில் பட்டியல் வந்தது. அம்மா எடுத்த படங்கள், மாமா அனுப்பிய பக்திப் பாட்டுகள், 'ரெக்கார்டிங்ஸ்' என்று ஓர் அடைவு. அதனுள் பத்துக் கோப்புகள். எம்காப்பியால் அவற்றை வெளியே எடுத்தேன். பாட்டு ஒன்று நான்கு நிமிடம். ஏறத்தாழ நான்கு லட்சம் பைட்டுகள் கூட இல்லை. ஒன்பது ஒழுங்காகப் பாடின. ஒன்று பாதியில் நின்றது.

பதிவு செய்தது பதினொன்று ஆயிற்றே, பத்துதானே வந்தது என்று கேட்பீர்கள். அதையும் சொல்லியாக வேண்டும். ஃபேட் முறைமையில் கோப்பை அழிப்பது என்பது, அதன் பதிவின் முதல் பைட்டில் 229 என்ற எண்ணை எழுதிவிட்டு, அது வைத்திருந்த இடங்களைக் காலி என்று அறிவிப்பது மட்டுமே. உள்ளடக்கம் வேறொன்று வந்து அமரும் வரை அங்கேயே கிடக்கும். எம்டிர் இத்தகைய கோப்புகளைக் காட்டாது. பிரையன் காரியர் உருவாக்கிய 'ஸ்லூத் கிட்' தொகுப்பின் 'எஃப்எல்எஸ்' என்னும் கட்டளை காட்டும். அதைக் கொண்டு பார்த்தபோது, முதலெழுத்தை இழந்த ஒரு பெயர் நின்றது. அளவும் தொடங்கும் இடமும் பதிவில் இருந்தன. அத்தொகுப்பின் 'ஐகேட்' கட்டளையால் அந்த இடத்தைப் படித்தேன். இவ்வகை ஒலிக்கோப்புகள் தம் முதல் ஆறு பைட்டுகளில் தம் வகைப் பெயரைச் சொல்லும். அங்கே அது இல்லை. திரைப்பாட்டுக் கோப்புகளின் தலையில் இருக்கும் எழுத்துகள் இருந்தன.

எனக்கு நினைவு வந்தது. பதினொன்றாம் வகுப்பில், போனில் இடம் இல்லை என்று அப்பாயியின் பாட்டு ஒன்றை அழித்துவிட்டுப் புதுப் படப் பாட்டுகளை ஏற்றியவன் நான்தான். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

பிற குத்தூசிகள்

எம்டூல்ஸ் ஃபேட் வட்டுகளுக்கு மட்டும் உரியது. லினக்ஸின் எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 வட்டுகளுக்கு 'டீபக்எஃப்எஸ்' உண்டு. தியோடர் சோ பேணிவரும் தொகுப்பில் அது அடங்கும். அவ்வட்டுகளில் 1024-ஆவது பைட்டில் 'சூப்பர் பிளாக்' என்னும் தலைமைப் பதிவு தொடங்குகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோட்' என்று எண்ணிட்ட ஒரு குறிப்பு இருக்கும். 2-ஆம் ஐநோட்டே மரத்தின் வேர். இவற்றைப் பாடநூலில் மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். டீபக்எஃப்எஸ்ஸில் 'ஸ்டாட்' என்று தட்டி 2-ஆம் ஐநோட்டைக் கண்ணால் கண்டபின் அதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. அங்கே 'கேட்' படித்துக் காட்டும். 'டம்ப்' ஒரு கோப்பை வெளியே எடுத்துத் தரும். 'ஆர்டம்ப்' ஓர் அடைவையே எடுத்துத் தரும். நாம் வேண்டுமென்று கேட்டாலன்றி அது வட்டைத் திறப்பது படிக்க மட்டுமே என்பது அதன் சிறப்பு.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டுகளுக்கு 'என்டிஎஃப்எஸ்எல்எஸ்', 'என்டிஎஃப்எஸ்கேட்' முதலியவையும், பழைய மெக்கின்டோஷ் வட்டுகளுக்கு 'எச்எஃப்எஸ்யூடில்ஸ்' என்ற தொகுப்பும் உள்ளன. பெயர்கள் வேறு, நெறி ஒன்றே. மூட்டையைப் பிரிக்காதே, முதலில் குத்திப் பார்.

இவற்றின் எல்லையையும் மறைக்கலாகாது. ஒரு வட்டு மவுண்ட் ஆகியிருக்கும்போதே இக்கருவிகளால் அதில் எழுதினால், ஒரே கணக்குப் புத்தகத்தில் இருவர் ஒருவரையொருவர் அறியாமல் எழுதிய கதையாகும், வட்டு பாழாகும். எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 முறைமைகளில் கோப்பை அழிக்கும்போது அதன் இடங்களைச் சுட்டும் குறிப்பும் துடைக்கப்படுவதால், ஃபேட் அளவுக்கு மீட்பு எளிதன்று. வட்டே இயந்திரப் பழுதடைந்திருந்தால் முதலில் அதற்கென்று உள்ள நகல் கருவிகள் வேண்டும். மந்திரக்கோல் எதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வட்டை நேரடியாகப் படிக்க முடிந்தவருக்குக் கோப்பின் அனுமதிகள் ஒரு பொருட்டே அல்ல. 'இதை என்னைத் தவிர எவரும் படிக்கக் கூடாது' என்று நீங்கள் குறித்திருந்தாலும், அந்தக் குறிப்பை மதிப்பது கருவே தவிர வட்டு அன்று. எனவே பழைய போனையோ அட்டையையோ அழித்துவிட்டோம் என்று நம்பி விற்பவர், குறிப்பாக நம் சகோதரிகள், ஒரு முறைக்கு இருமுறை எண்ண வேண்டும். குத்தூசி வியாபாரி கையிலும் இருக்கும், திருடன் கையிலும் இருக்கும். வட்டைக் குறியாக்கம் செய்வதே இதற்குத் தக்க காப்பு. இதை அறிந்துகொள்வதற்காகவேனும் இக்கருவிகளைக் கற்க வேண்டும்.

மறுப்போருக்கு

இதற்கு மூன்று மறுப்புகளை நான் கேட்டிருக்கிறேன்.

'சொடுக்கினால் மீட்டுத் தரும் மென்பொருள்கள் கடையில் கிடைக்கின்றனவே, கட்டளை எதற்கு?' என்பர் சிலர். கிடைக்கின்றன. அவை கோப்பைத் தரும், காரணத்தைத் தருவதில்லை. மேலும் அவற்றுள் சில, மீட்ட கோப்பை எங்கே வைப்பது என்று கேட்கும்போது, அதே அட்டையில் வை என்று தெரியாமல் சொல்லிவிட்டால், மீட்க வேண்டியதன் மேலேயே எழுதிவிடும் வாய்ப்பு உண்டு. பைட்டு எங்கே இருக்கிறது என்று அறிந்தவன் அந்தப் பிழையைச் செய்ய மாட்டான்.

'எல்லாம் இணையக் கிடங்கில் இருக்கிறதே, வட்டைப் பற்றி நமக்கென்ன?' என்பர் வேறு சிலர். மாதந்தோறும் தவறாமல் டேட்டா போட முடிந்த வீடுகளுக்கு அது சரி. பட்டன் போனும் நினைவு அட்டையும் இன்னும் நம் கிராமங்களில் இருக்கின்றன. நம் கல்லூரிக்கு வரும் மாணவர் பலரின் வீடுகள் அவையே. அது மட்டுமன்று, இணையக் கிடங்கும் எங்கோ ஒரு கட்டடத்தில் உள்ள வட்டுகள்தாமே! அவற்றைப் பேணும் வேலைக்கு நம்மில் ஒருவர் போக வேண்டாமா?

மூன்றாவது மறுப்பே எனக்கு வலிப்பது: 'பையன்கள் கையில் இதையெல்லாம் கொடுத்தால் ஆய்வகக் கணினிகளைக் கெடுத்துவிடுவார்கள்.' இந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு கணினி பழுதானால் அதைச் சரி செய்ய எத்தனை கடிதம் எழுத வேண்டும் என்பதை எங்கள் பேராசிரியர்கள் அறிவார்கள். ஆயின் இக்கருவிகள் அந்த அச்சத்திற்கே மருந்தல்லவா? மவுண்ட் செய்ய ரூட் அதிகாரம் வேண்டும். அதை மாணவரிடம் தர இயலாது, சரி. நகல் கோப்பைப் படிக்க எந்த அதிகாரமும் வேண்டாம். அது மாணவனின் சொந்த அடைவில் இருக்கும் ஒரு சாதாரணக் கோப்பு. கெடுத்தால் அது மட்டுமே கெடும்; அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். கடவுச்சொல் இல்லாதவனும் வட்டின் உள்ளே நுழைந்து கற்க ஒரு வழி இருக்கும்போது, அதை ஏன் மூடி வைக்க வேண்டும்?

ஒரு வேண்டுகோள்

ஆகவே, துறைத் தலைவர் அவர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் பணிவுடன் ஒரு வேண்டுகோள். இயக்கமுறைமை ஆய்வகத்தில் இரண்டே வகுப்புகளை இதற்கு ஒதுக்குங்கள். முதல் வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் எம்ஃபார்மேட் கட்டளையால் ஒரு பிளாப்பி அளவு நகல் வட்டை, அதாவது 2880 பிரிவுகள், 14,74,560 பைட்டுகள் கொண்ட ஒரு கோப்பை உருவாக்கட்டும். அதில் தம் பெயரில் ஒரு கோப்பை எம்காப்பியால் இடட்டும். பைட்டுகளை விரித்து, தம் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கட்டும். பிறகு எம்டெல்லால் அழித்துவிட்டு, முதலெழுத்து மட்டும் 229 ஆக மாறி நிற்பதைக் காணட்டும். இரண்டாம் வகுப்பில், நண்பரின் நகல் வட்டை வாங்கி, வேண்டுமென்றே அதன் ஒரு பைட்டைக் கெடுத்து, எம்டிர் என்ன சொல்கிறது என்று பார்க்கட்டும். புதிய கணினி வாங்க வேண்டியதில்லை. மென்பொருளுக்குக் காசில்லை. இணைய இணைப்புக்கூட வேண்டியதில்லை. அரசுக் கல்லூரி என்றால் வசதி இல்லை என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். வசதியே வேண்டாத ஒன்றையாவது முதலில் செய்வோமே.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். ஊரில் யார் போன் கெட்டாலும், யார் அட்டை திறக்காவிட்டாலும், 'காலேசுப் பிள்ளை வரட்டும்' என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம்மிடம் பட்டத்தை எதிர்பார்க்கவில்லை. திரை கேட்கும் கேள்விக்கு விடையை எதிர்பார்க்கிறார்கள். 'ஃபார்மேட் செய்யலாமா?' என்று கேட்டால் 'செய்யலாம்' என்று தட்டுவதற்குக் கல்லூரி வேண்டியதில்லை. 'இருங்கள், முதலில் நகல் எடுப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்' என்று சொல்வதற்குத்தான் கல்லூரி வேண்டும்.

ஒன்பது பாட்டுகளை வேறொரு அட்டையில் ஏற்றி அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். மறுபடி ஒரு படி மடிக்கணினியில், மற்றொரு படி நண்பன் வீட்டில். மண்டியிலிருந்து வந்த அப்பா கை கால் கழுவிக்கொண்டு வந்து அமர்ந்து கேட்டார். பிறகு, "எப்படிடா எடுத்தே?" என்றார். எம்டூல்ஸ், ஃபேட்32 என்றெல்லாம் சொன்னால் அவருக்கு விளங்காது என்று எண்ணி, "மூட்டையைப் பிரிக்காமக் குத்தூசி போட்டு எடுத்தேம்பா" என்றேன்.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "அதுதாண்டா சரி. பிரிச்சுட்டா மறுபடி அதே மாதிரி தைக்க முடியாது" என்றார்.

நம் பாடநூலில் மவுண்டைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதிய வரியை நான் இன்னும் படிக்கவில்லை.